விசிலண்ணையின் உறுமல் பெட்டி

நாய்கள் எழும்பி நின்று மரியாதை செய்த மனிதர் எங்கள் இணுவிலில் ஒரேயொருவர்தான் இருந்தார். கோயில் தர்மகர்த்தா போனாலும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிற நாய்கள், விசிலண்ணை கிற்றாரும் பெட்டியுமாக ஒழுங்கை முகப்பில் திரும்பினால் போதும், வரிசையாக எழும்பி நிற்கும். காதை நிமிர்த்தும். பக்திமான்களான சில நாய்கள் அண்ணாந்து ஊளையும் இடும். அவர் அதையெல்லாம் கவனிக்காதவர் மாதிரித் தலையை நேரே வைத்துக்கொண்டு நடப்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளைகளே, இதை இப்போது உங்களுக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன கிழமை என் மகன் தானே கட்டின ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து, "அப்பா, இது கிற்றாரை உறுமப் பண்ணுற பெட்டி. ஆனா உறுமுதில்லை, தன்ரை பாட்டிலை கீச்சிடுது" என்று குறைப்பட்டான். நான் பத்தாம் வகுப்போடு சுன்னாகம் வெங்காயச் சந்தைக்கு நிறுக்கப் போனவன். விஞ்ஞானம் படித்தவனில்லை. ஆனால் கீச்சிடுகிற பெட்டி என்றால் எனக்குத் தெரியும். அப்படி ஒரு பெட்டியை நம்பிச் சைக்கிள் மிதித்து மிதித்தே என் இரண்டு காலும் உரமேறின.

விசிலண்ணைக்குத் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது சங்கக்கடைப் பங்கீட்டுக் கூப்பனுக்கு மட்டுமே தெரியும். தொழில், மோட்டர் வைண்டிங். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டர் எரிந்துபோனால், கருகின செப்புக் கம்பியை உரித்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். சுற்றுவதை எல்லோரும் சுற்றுவார்கள். சுற்றின கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து, மெழுகு பூசின நூலால் வரிந்து கட்டுவதில்தான் அவரை அடிக்க ஆளில்லை. அந்தக் கட்டின் அழகைப் பார்க்கவென்றே நன்றாக ஓடுகிற மோட்டரைக் கழற்றிய தோட்டக்காரர்கள் இருந்தார்கள். கழற்றினபின் பூட்டத் தெரியாமல் அவரிடமே கொண்டுவருவார்கள். அப்படியும் தொழில் ஓடியது.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. சண்டையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் நின்றது. மோட்டர் எரிவதற்கும் கரண்ட் வேண்டுமே! விசிலண்ணையின் கடையில் செப்புக் கம்பியும் நூலும் அவரும் மட்டும் மிச்சம். சும்மா இருக்கிற கை அவருக்கு இல்லை. பலாப்பலகையில் ஒரு கிற்றார் செதுக்கினார். உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போல மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி, தந்தியின் அதிர்வைப் பிடித்து வயருக்குள் அனுப்புகிற பொறியையும் தானே செய்தார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு இந்தப் பெயர் வந்திராது. ஒருநாள் யாரோ ஒருவரின் றேடியோவில், எந்த நாட்டுப் பாட்டோ, ஒரு கிற்றார் கோபம் கொண்ட எருமை மாதிரி உறுமினதைக் கேட்டுவிட்டார்.

"டேய், கேட்டியே? கிற்றார் உறுமுது!"

"ஓம் அண்ணை. றேடியோ பழுதாக்கும்."

"பழுதில்லையடா மடையா. அது ஒரு பெட்டி செய்யிற வேலை. நானும் செய்யிறன் பார்."

அந்தப் பெட்டியின் வேலையை விசிலண்ணை எனக்கு விளங்கப்படுத்தினது இப்படித்தான். கிற்றார்த் தந்தி தருவது சின்னச் சத்தம். அதைப் பிடித்துப் பெருப்பிக்க வேண்டும். ஆள் உயரத்துக்குமேல் பெருத்து வரும்போது, கதியால் நட்ட பச்சை வேலியின் தலையைச் சமமாக வெட்டிவிடுகிற மாதிரி, சத்தத்தின் தலையை வெட்டிவிட வேண்டும். தலை வெட்டுப்பட்ட சத்தம்தான் உறுமும். செத்துப்போன றேடியோக்களிலிருந்து இரண்டு ட்ரான்சிஸ்ரர்களைக் கழற்றினார். கரண்ட் இல்லாதபடியால் ஈயம் பற்றவைக்கிற கோலைச் சிரட்டைக் கரியில் காய்ச்சினார். கடைக்குள் புகையும் ஈய வாசமும். தாய்க்காரி குசினியிலிருந்து, "என்னடா, என்னத்தைக் கருக்கிறாய்?" என்று கேட்பா. "உறுமல் அம்மா!" என்று இங்கிருந்து பதில் போகும்.

கட்டி முடித்த அந்தச் சின்ன மின்சுற்றை ஒரு பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சோதித்துப் பார்க்க ஒலிபெருக்கி வேண்டும். பழைய றேடியோ ஒன்றுதான் ஒலிபெருக்கி. றேடியோவுக்குக் கரண்ட் வேண்டும். ஸ்ராண்டில் நிறுத்தின என் சைக்கிளின் டைனமோதான் கரண்ட். ஊரில் நாங்கள் சேர்த்திருந்த சின்ன இசைக்குழுவில், மேடை ஏறினால் நான் பொங்கோஸ் மேளம். ஒத்திகையில் நான் மிதிகாரன். சுன்னாகத்துப் பவர் ஹவுஸ் ஓய்ந்துபோன காலத்தில், விசிலண்ணையின் கடைக்கு நான்தான் பவர் ஹவுஸ்.

மிதித்தேன். விசிலண்ணை கிற்றாரைத் தொடக்கூட இல்லை. அதற்குள் பெட்டி, "கீ...ஈ...ஈ" என்று பிடித்த பிடியில் ஒரு விசில் அடித்தது பாருங்கள்! வேலிக்கப்பால் படுத்திருந்த நாய் எழும்பி நின்றது. அன்றைக்குத்தான் அந்த மரியாதை தொடங்கியது.

"டேய், உன்ரை சைக்கிள் செயின் கத்துது."

"செயின் இல்லை அண்ணை, பெட்டி கத்துது."

"பெட்டி ஏன்ரா கத்தப்போகுது? நான் கட்டினது. எங்கை, நீ மிதிக்கிறதை நிப்பாட்டு பாப்பம்."

நிறுத்தினேன். றேடியோவுக்குக் கரண்ட் போய்விட்டது. விசிலும் நின்றது.

"பாத்தியே! நீ நிப்பாட்ட நிக்குது. அப்ப கத்துறது ஆர்?"

தேங்காய் எண்ணெயைத் தலைக்கே பார்த்துப் பார்த்து வைக்கிற காலத்தில், தாய்க்காரியின் போத்தலை எடுத்துவந்து என் செயினுக்குக் குளிக்க வார்த்தார். செயின் பளபளத்தது. பெட்டி பழையபடி கத்தியது.

இந்த இடத்தில் பூமணியைச் சொல்ல வேண்டும். வடக்குப் பக்க ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தாய் தகப்பனோடு வந்து இருந்தவ. பாலர் பாடசாலையில் படிப்பித்தவ. எங்கள் குழுவில் அவதான் பாடகி. நல்ல குரல். அந்தக் குரல் மேலே ஏறுகிற இடம் பார்த்துத்தான் பெட்டியும் விசிலடிக்கும். பூமணி முகத்தைச் சுழிப்பா. விசிலண்ணை உடனே குற்றவாளியைத் தேடத் தொடங்குவார். காகத்தைக் கலைப்பார். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடச் சொல்லுவார். ஒருநாள் துணிந்து பூமணியிடமே போனார்.

"பூமணி, குறை நினைக்காதையும். உம்மடை காப்புத்தான் கத்துதெண்டு நினைக்கிறன்."

"என்ரை காப்பு ஏன் கத்துது?"

"ஒண்டோடை ஒண்டு உரசுதாக்கும்."

பூமணி கண்ணாடிக் காப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தா. நான் மிதித்தேன். பெட்டி, "கீ...ஈ" என்றது.

"இனி என்னத்தைக் கழட்ட? தோட்டையோ?"

விசிலண்ணை தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்தக் காப்புகளை அவர் திருப்பிக் கொடுத்த விதத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, மெழுகு நூலால் மோட்டருக்குக் கட்டுவது போல வரிந்து, முடிச்சு வெளியே தெரியாமல் கட்டி நீட்டினார். பூமணி பொழுதுபடும்வரை இருந்து அந்தக் கட்டை அவிழ்த்தாவாம். இந்த மனிதருக்கு நல்ல எண்ணம் என்றால் அது கட்டாகத்தான் வெளியே வரும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

இந்த விசில் வெளியுலகத்தில் செய்த பெரிய கூத்து, ஒரு கலியாண வீட்டில் நடந்தது. மணவறைக்கு ஒரு பக்கம் நாதஸ்வரம் தவில். மறுபக்கம் விருந்தினர் சாப்பிடும்போது பாட நாங்கள். ஒலிபெருக்கிக்கு ட்ராக்ரர் பற்றரி. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் இருக்கிறார். தவில்காரர் ஐயரின் கைச் சைகைக்காகக் கழுத்தை நீட்டிப் பார்த்தபடி. அந்த நேரம், யாரும் தொடாமல், மூலையில் வைத்திருந்த பெட்டி தன்பாட்டில், "கீ...ஈ...ஈ!"

தவில்காரர் துள்ளி விழுந்தார். விழுந்த வேகத்தில் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. மேளம் கேட்ட மாப்பிள்ளை பாய்ந்து தாலியைக் கட்டத் தொடங்கினார். சனம் அரிசியை எறிந்தது. ஐயர் எழும்பி இரண்டு கையையும் விரித்து, "நேரம் வரேல்லை! ஓய், நேரம் வரேல்லை!" என்று கத்தினார். அது அட்சதைக்குள் அமுங்கிப் போனது. கடைசியில் ஐயர் ஒரு முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, நல்ல நேரம் வரும்வரை மாப்பிள்ளையைக் கயிற்றைப் பிடித்தபடியே குனிந்து நிற்கவைத்தார். மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் சாப்பிடாமலே வந்துவிட்டோம்.

வரும் வழியில் விசிலண்ணை, "கலியாண வீட்டிலை சாம்பிராணிப் புகை கூடிப்போச்சு. அதுதான் பெட்டிக்கு ஒத்துவரேல்லை" என்றார். பூமணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னிடம் வந்து, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"டேய், பூமணியிட்டை ஒருக்காக் கேட்டுப் பாரன்."

"என்னத்தை அண்ணை?"

"என்னத்தையோ? மோட்டர் வைண்டிங் பழக விருப்பமோ எண்டு! கலியாணத்தைத்தானடா."

முதலில் பூமணியின் தகப்பனிடம் போனேன். அவருக்குக் காது நல்ல மந்தம். நான் இரண்டு கையையும் வாயில் குவித்து விசயத்தைக் கத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. "ஆர், உங்கடை கோஷ்டியிலை குழல் ஊதுற பொடியனோ? நல்ல பொடியன். நீங்கள் மற்ற ஆக்கள் என்ன செய்யிறியளோ தெரியாது, எனக்கு அவன்ரை குழல் மட்டுந்தான் கேக்கிறது. எனக்குச் சம்மதம்" என்றார். எங்கள் குழுவில் குழல் ஊத ஆளே இல்லை. பெட்டி அடித்த விசில்தான் அவருக்குக் குழல்.

தகப்பனுக்குப் பிடித்தது எதுவோ, அதுவே மகளுக்குப் பிடிக்கவில்லை. பூமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"சனசமூக நிலைய ஆண்டுவிழா வருகுதுதானே? அதிலை நான் ஒரு பாட்டுப் பாடி முடிக்குமட்டும் உந்தப் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். பிறகு கலியாணத்தைக் கதைப்பம். கத்திச்சுதோ, நான் கோஷ்டியிலையும் இல்லை, கலியாணமும் இல்லை. என்ரை தாலிக்கும் உது விசிலடிக்கிறதை நான் கேக்க ஏலாது. உங்கடை அண்ணையிட்டை அப்பிடியே போய்ச் சொல்லுங்கோ."

அப்படியே போய்ச் சொன்னேன். அன்றைக்குத்தான் விசிலண்ணை முதன்முறையாகக் காகத்தையும் செயினையும் விட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

பிள்ளைகளே, கோயில் ஒலிபெருக்கியில் ஒரு கூவல் கேட்டிருப்பீர்கள். மைக்கைப் பிடித்தவர் தெரியாமல் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றால், "கூ" என்று அது கூவும், சனம் காதைப் பொத்தும். வெளியே போன சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்து, பெருத்து வெளியே வந்து, மறுபடி புகுந்து, இப்படியே சுற்றிச் சுற்றி வருவதுதான் அது. உறுமல் பெட்டிக்குள்ளும் அதேதான். அது ஒன்றை நூறாக்குகிற பெட்டி. வெளியே போகிற நூறில் ஒரு துளி உள்ளே போகிற வழியில் சிந்தினாலும் போதும், பிறகு தந்தியை யாரும் தொடவே தேவையில்லை.

விசிலண்ணை முதலில் சவர்க்காரப் பெட்டியை எறிந்தார். பிளாஸ்ரிக் எதையும் மறிக்காது, இரும்புத் தகரத்துக்குள் வைத்து, அந்தத் தகரத்தை மின்சுற்றின் பூமிக் கம்பியோடு தொடுத்துவிட்டால் வெளியில் அலைகிற சத்தம் உள்ளே வராது என்றார். பிஸ்கற் வருகிற தகரப் பேணி ஒன்று தேடினோம். பூமிக் கம்பியைப் பேணியின் உள்சுவரில் அழுத்தி வைத்து மூடினார். நான் மிதித்தேன். கத்தியது.

"பேணி சோம்பேறிப் பேணியடா. வேலை செய்யுதில்லை."

ஆனால் அவர் சோம்பேறியாக இருக்கவில்லை. இரண்டு நாள் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, உள்பக்கத்தில் பொன் நிறத்தில் ஒரு பூச்சு இருப்பதைக் கண்டுபிடித்தார். பிஸ்கற்றுக்குத் துருப்பிடிக்காமல் பூசின பூச்சு. அது மின்சாரத்தை விடாது. கம்பி தகரத்தைத் தொட்டது போல இருந்ததே தவிரத் தொடவில்லை. மண்கடதாசியால் தேய்த்துப் பளபளவென்று உரோஞ்சி, அந்த இடத்தில் கம்பியை ஈயத்தால் பிடித்தார். விசில் பாதியாகக் குறைந்தது. எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

அடுத்த கிழமை புதுக் கூத்து. இரண்டு பாட்டுக்குப் பிறகு பெட்டி விசிலை விட்டுவிட்டு, "டுப் டுப் டுப் டுப்" என்றது. மயிலிட்டியில் விடியக் கடலுக்குப் போகிற மோட்டர் வள்ளம் கடைக்குள் வந்தது போல. இது பற்றரியின் வேலை. அந்த நாளில் குடாநாட்டுக்குள் பற்றரி வராது. செத்த ரோச்லைற் பற்றரிகளில் துளை போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்போம். விசிலண்ணை வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் தாய்க்காரியின் மோர்மிளகாய், மறுபக்கம் பற்றரி. ஒருமுறை மிளகாயை மாறி எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார் என்று தாய்க்காரி ஊரெல்லாம் சொன்னா. அது அவ கூட்டிச் சொன்ன கதை என்றுதான் நினைக்கிறேன்.

"தொய்ஞ்ச பற்றரி வத்தின கிணறு மாதிரியடா" என்றார் அவர். "ரெண்டு ட்ரான்சிஸ்ரரும் ஒரே கிணத்திலை அள்ளுதுகள். ஒருத்தன் அள்ளினா மற்றவனுக்குத் தண்ணி இல்லை. அதுதான் உந்தத் திக்கல். கிணத்தடியிலை ஒரு தொட்டி கட்டி நிரப்பி வைச்சால் ரெண்டுபேரும் சண்டை இல்லாமல் அள்ளலாம்." அந்தத் தொட்டி, பழைய றேடியோவில் கழற்றின பெருவிரல் அளவு கப்பாசிற்றர் ஒன்று. பற்றரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே அதை வைத்துப் பற்றவைத்தார். வள்ளம் ஒரே நாளில் கரை சேர்ந்தது.

ஆனால் அந்தப் பாதி விசில் மட்டும் போகவில்லை. காதடியில் இரைகிற நுளம்பு மாதிரி மெல்லிசாக, பூமணியின் குரல் ஏறுகிற இடம் பார்த்து வந்துகொண்டே இருந்தது. பெருப்பிக்கிறதைக் குறைத்தார். விசில் போனது. கூடவே உறுமலும் போனது. கிற்றார் தடிமன் பிடித்து மூக்கடைத்த பூனை மாதிரிச் சிணுங்கியது. "உறுமாத பெட்டி எனக்கென்னத்துக்கு?" என்று பழையபடி கூட்டினார். பேணிக்குத் திருநீற்றைக் குழைத்து மூன்று குறி பூசினார். திருநீறு பூசின பேணியும் விசிலடித்தது.

ஆண்டுவிழாவுக்கு முதல் நடந்த கடைசி ஒத்திகையில் பூமணி, "எங்கை, நானும் ஒருக்காப் பாக்கிறன்" என்று பேணியின் மூடியைத் திறந்தா. உள்ளே பார்த்ததும், "அட, வடிவாயெல்லே இருக்கு!" என்றா. விசிலண்ணையின் காது சிவந்தது. சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு சிற்பம். அத்தனை வயரும் ஒரே கட்டாக, ஒரே திசையில், மெழுகு நூலால் சரம் கோத்தது போல வரிந்திருந்தது. அவர் வாழ்நாளில் கட்டின கட்டுகளிலேயே நல்ல கட்டு அதுதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"இதுக்கை கிற்றாரிலையிருந்து உள்ளை போற வயர் எது? வெளியாலை போற வயர் எது?" என்று பூமணி கேட்டா.

"ரெண்டும் ஒண்டாத்தான் போகுது. கட்டைப் பாத்தீரே? ஊசி போகாது."

பூமணி யோசித்தா. "நீங்கள்தானே கிணறு, தொட்டி எண்டு கதை சொல்லுறனீங்கள். எங்கடை ஆக்கள் கிணத்துக்குக் கிட்ட மலகூடக் குழி வெட்டுவினமோ? ஒரு வளவின்ரை அந்தத் தலைப்பிலை அது, இந்தத் தலைப்பிலை இது. நிலத்துக்குக் கீழாலை ஊறிப்போடும் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் ரெண்டையும் சேத்துவைச்சு நூலும் கட்டியெல்லே விட்டிருக்கிறியள்?"

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். விசிலண்ணை மூடியை வாங்கி, பேணியை மூடி, "இண்டைக்குக் காணும், நிப்பாட்டுவம்" என்றார்.

பூமணி போனபிறகு என் பக்கம் திரும்பினார். "டேய், என்ரை கட்டை மலகூடம் எண்டிட்டாளடா!"

"அவ அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை. வயரைப் பிரிச்சு விடுங்கோ எண்டுதான்..."

"பிரிக்கிறதோ? எத்தினை மோட்டர் கட்டினனான், ஒருத்தன் ஒரு குறை சொல்லியிருக்கிறானோ? கட்டாத வயர் வயரோ? காகக் கூடடா அது!"

மோட்டரில் அவர் சொன்னது சரி. எல்லாக் கம்பியும் இறுக்கமாக ஒன்றாக இருந்தால்தான் மோட்டர் நின்றுபிடிக்கும். அவரைப் பிடித்த சனியும் அந்தக் கெட்டித்தனம்தான். பெரிய மோட்டருக்குச் செய்கிற மரியாதையை இந்தச் சின்னப் பெட்டிக்கும் செய்திருந்தார்.

ஆண்டுவிழா பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. ஊர் முழுக்க வந்திருந்தது. முன்வரிசைக் கதிரையில் பூமணியின் தகப்பன், கையைக் காதுக்குப் பின்னால் குவித்தபடி. மேடைக்கு முன்னால் மூன்று நாய்கள். சத்தம் சரிபார்க்கவென்று ஒலிபெருக்கியைப் போட்டார்கள். பேணியில் பூட்டியிருந்த சுவிச்சைக் காலால் மிதித்தார் விசிலண்ணை. உறுமல் வந்தது. உறுமலின் முதுகில் ஏறிக்கொண்டு அந்த நுளம்பும் வந்தது. கூம்பு ஒலிபெருக்கியில் அது நுளம்பாக இல்லை. "கீ...ஈ!" நாய்கள் மூன்றும் எழும்பி நின்றன. பூமணியின் தகப்பன் திருப்தியாகத் தலையாட்டினார்.

மேடைக்குப் பின்னால் பூமணி கதிரையில் போய் இருந்தா. "நான் பாடேல்லை."

வெளியே எங்கள் பெயரை அறிவிக்கிறார்கள். விசிலண்ணை பேணியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். பூமணியைப் பார்த்தார். மறுபடி பேணியைப் பார்த்தார்.

"டேய், சாக்கு வெட்டுற கத்தி வைச்சிருக்கிறியே?"

சந்தையிலிருந்து நேரே வந்தவன் நான். மடியில் கத்தி இருந்தது. கொடுத்தேன். கத்தியை நூலில் வைத்து இழுத்தார். டப், டப் என்று கட்டுகள் அறுந்தன. உள்ளே போகிற வயரை ஒரு பக்கம் இழுத்துக் குறுக்கி வெட்டி, நுனியைத் திரும்ப முறுக்கிவிட்டார். வெளியே போகிற வயரை எதிர்ப்பக்கச் சுவரோடு வளைத்தார். நடுவில் வெறும் இடம். முடிந்ததும் நான் எட்டிப் பார்த்தேன்.

"பாராதை!" என்று மூடியைப் பட்டென்று மூடினார். தன் உடுப்புக் கிழிந்ததை ஊர் பார்த்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி இருந்தது.

பூமணி எழும்பினா. குனிந்து, நிலத்தில் கிடந்த அறுந்த நூல் துண்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தா.

முருகன் பாட்டு. நான் பொங்கோஸில் கை வைத்தேன். குரல் மெல்ல ஏறியது. விசிலண்ணை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பேணியை மிதித்தார். மழைக்கு முதல் தூரத்தில் வானம் முழங்குவது போல ஒரு உறுமல் பாட்டுக்குக் கீழே வந்து பரவியது. குரல் இன்னும் ஏறியது. வழக்கமான இடம் வந்தது. மூன்று நாயும் பழக்கத்தில் எழும்பி நின்றன. காதை நிமிர்த்தின. காத்திருந்தன. ஒன்றும் வரவில்லை. ஒன்றையொன்று பார்த்துவிட்டு, வெட்கப்பட்டவை போல ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. பாட்டு முடியும்போதுதான் விசிலண்ணை கண்ணைத் திறந்தார். சனம் கைதட்டினதை அவர் கேட்டாரோ தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பூமணியின் பின்னலை. அதன் நுனியில், நாடாவுக்குப் பதிலாக, மெழுகு நூல் ஒன்று முடிந்திருந்தது.

முன்வரிசையில் மட்டும் ஒரு மனிதருக்குக் குறை. "இண்டைக்கு அந்தக் குழல்காரப் பொடியன் வரேல்லையோ?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டார் பூமணியின் தகப்பன்.

பூமணி அவரின் காதுக்குள் கத்தினா, "அவர் குழலை விட்டிட்டார் ஐயா!"

"ஐயோ பாவம். நல்ல கை."

கலியாணத்துக்கு வந்த ஐயர், பழைய ஐயர்தான். மணவறையில் ஏறுவதற்கு முதல், "அந்தப் பெட்டி எங்கை?" என்று கேட்டார். பூமணியின் தாய் அதைத் தகரத் திறங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருப்பதைக் காட்டின பிறகுதான் அவர் மந்திரத்தைத் தொடங்கினார்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே வீட்டை விட்டு நடந்தபோது, அவர்களிடம் ஒரு குழந்தையும் இரண்டு மூட்டையும் இருந்தன. வழியில் விசிலண்ணை அந்தப் பேணியை என் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். வரிந்து, முடிச்சுத் தெரியாமல். "நீ மிதிக்கிறவன்தானே. உன்னட்டையே இருக்கட்டும்" என்றார். இப்போது அவர்கள் பனி கொட்டுகிற ஒரு நாட்டில் இருக்கிறார்கள். ரெலிபோன் எடுத்தால் சுகம் விசாரிக்க முதல் அவர் கேட்பது ஒன்றுதான்.

"டேய், பெட்டி கத்துதோ?"

"இல்லை அண்ணை."

"கத்தாது. அது என்ரை கை."

பின்னால் பூமணியக்காவின் குரல் வரும். "மிச்சத்தையும் சொல்லுங்கோவன்!"

"இவவின்ரை மூளையும்தான்" என்று விசிலண்ணை மெல்லச் சொல்லுவார்.

மகனுக்கு நான் இந்தப் பேணியைத் திறந்து காட்டினேன். உரோஞ்சின தகரத்தையும், பற்றரிக்குக் குறுக்கே இருக்கிற தொட்டியையும், ஒன்றையொன்று பாராமல் இரண்டு பக்கமாகப் போகிற குட்டை வயர்களையும் பார்த்தான். "காகக் கூடு மாதிரிக் கிடக்கு அப்பா" என்றான். ஓம் என்றேன். அடுத்த நாள் அவனுடைய பெட்டியும் கீச்சிடாமல் உறுமியது. நீங்களும் ஒரு பெட்டி கட்டினால் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் வீட்டில் யாரும் இல்லாத பின்னேரங்களில் நான் செய்கிற ஒன்றை நீங்கள் செய்ய வேண்டாம். பேணியை மகனின் ஒலிபெருக்கியோடு தொடுத்து, மூடியைத் திறந்து, அந்த இரண்டு வயரையும் விரலால் பிடித்து மெல்லக் கிட்டக் கொண்டுவருவேன். அது பழையபடி, "கீ...ஈ" என்னும். எதிர்வீட்டு நாய் எழும்பி நிற்கும்.

நானும் எழும்பி நிற்பேன்.